இதய வார்டிலிருந்து ஆராய்ச்சிக்கு: செவிலியர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெஞ்சுவலி தொடங்கிய நேரத்திலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்கும் வரை நம் நாட்டு நோயாளி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்? 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 21,000 இதய நோயாளிகளைக் கணக்கெடுத்த 'கிரியேட்' பதிவேடு 2008ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதில் கிடைத்த இடைநிலை அளவு, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் எண், 360 நிமிடம். உள்ளே வந்த பிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஆனது 50 நிமிடம். உயிரும் இதயத் தசையும் பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் போகின்றன.

அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது? கேஸ் ஷீட்டில் 'நெஞ்சுவலி, 6 மணி நேரம்' என்று ஒரு வரி இருக்கும். முழுக்கதையும் கேட்டவர் சிஸ்டர்தான். "வாயுப் பிடிப்புன்னு நெனச்சு சோடா குடிச்சுப் படுத்துட்டேன்." "மகன் வேலைவிட்டு வரட்டும்னு இருந்தேம்மா." "பக்கத்துக் கிளினிக்குல ஊசி போட்டு அனுப்பிட்டாங்க." கையில் ஊசி ஏற்றும்போதும் போர்வை மாற்றும்போதும் இதையெல்லாம் கேட்கிறோம். ஷிப்ட் முடிந்ததும் அது நம்மோடு வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிறது.

மறந்துபோகும் அந்த அறிவை ஆராய்ச்சியாக்க விரும்பும் செவிலியருக்காக இதை எழுதுகிறேன். பி.எஸ்சி. முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஆராய்ச்சி என்றால் எம்.எஸ்சி. மாணவிகள் நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்குவது என்று மட்டும் தெரிந்திருக்கும். அங்கிருந்தே தொடங்கலாம்.

அதற்கு முன் ஒரு பழைய செய்தி. 1960களின் தொடக்கத்தில் மாரடைப்பு நோயாளிகளைத் தனி வார்டில் வைத்து மானிட்டரில் பார்க்க ஆரம்பித்தார்கள். மானிட்டர் ஆபத்தைக் காட்டிவிடும். ஆனால் மின் அதிர்ச்சி கொடுக்க டாக்டர் ஓடிவர வேண்டும். அவர் வருவதற்குள் உயிர் போய்விடும். 1963ல் பிலடெல்பியாவின் பிரஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும், செவிலியரே ஈ.சி.ஜி.யைப் படித்து மின் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரைச் செவிலியரே இயக்கினால் என்ன ஆகும் என்று ஆராயத் தொடங்கினார்கள். செவிலியர்களுக்கு எதைக் கற்பிப்பது என்று வகுத்த கையேட்டை இருவரும் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து எழுதினார்கள். இன்று நைட் டியூட்டியில் மானிட்டரில் வி.எஃப். (இதயம் சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) பார்த்ததும் உங்கள் கை டிஃபிப்பை நோக்கிப் போவதற்கு அந்தக் காலத்து ஆய்வுகள்தான் வழி திறந்தன.

1. முதலில் கை பழகட்டும்

குறைந்தது இரண்டு வருடமாவது சி.சி.யூ. (மாரடைப்புத் தீவிர சிகிச்சைப் பிரிவு), கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைக் குழாய் செலுத்திச் சரிசெய்யும் அறை), இதய அறுவை சிகிச்சை ஐ.சி.யூ. ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் வேலை பாருங்கள். ஆராய்ச்சிக்கு அவசரப்பட்டு இதைத் தாண்டிவிட்டவர்களின் கேள்விகளில் வார்டின் வாசனையே இருக்காது.

ஈ.சி.ஜி. எடுக்க மட்டுமல்லாமல் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். மார்பில் ஒட்டும் வி1, வி2 லீடுகளை நான்காவது விலா இடைவெளியில் வைக்க வேண்டும். அவசரத்தில் மேலே ஏற்றி வைப்பது எல்லா வார்டுகளிலும் நடக்கும் தவறு. அடிப்பகுதி மாரடைப்பு என்று தெரிந்தால் வலப்பக்க வி4ஆர் லீடையும் எடுத்துவையுங்கள், டாக்டர் கேட்பதற்கு முன்பே. சர்க்கரை நோயாளிகளும் வயதான பெண்களும் வலியே இல்லாமல் வியர்வையோடும் களைப்போடும் வந்து நிற்பார்கள் என்பதைக் கண் பழக வேண்டும். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்னும் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ்களைக் காலாவதி ஆகவிடாதீர்கள்.

கூடவே ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் உங்களை உறுத்திய ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள்: 'போன மாதம் டிஸ்சார்ஜ் ஆன தாத்தா மறுபடியும் கால் வீங்கி வந்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னோம், ஊறுகாயும் அப்பளமும் உப்பில் சேரும் என்று யாரும் சொல்லவில்லை.' நோயாளியின் பெயர், ஐ.பி. எண், படுக்கை எண் எதுவும் அதில் இருக்கக்கூடாது. மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே உறுத்தல் ஐந்தாறு முறை திரும்ப வந்திருக்கும். அதுதான் உங்கள் தலைப்பு.

2. உறுத்தலைக் கேள்வியாக்குவது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். நம் கல்லூரி நூலகங்களில் அடுக்கியிருக்கும் ஆய்வேடுகளில் எத்தனையோ ஒரே அச்சில் வார்த்தவை: ஒரு தலைப்பில் முன்தேர்வு, அரை மணி நேரப் பாடம், பின்தேர்வு, மதிப்பெண் கூடியது. காலையில் சொல்லிக்கொடுத்து மாலையில் கேட்டால் யாருக்கும் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அந்த நோயாளி அடுத்த மாதம் மாத்திரை சாப்பிட்டாரா, மூச்சிரைப்பு இல்லாமல் மாடி ஏறினாரா என்பது அதில் தெரியாது. பட்டத்துக்கு அது போதலாம். இதய சிகிச்சையை மாற்ற அது போதாது என்று உறுதியாகச் சொல்வேன்.

நல்ல கேள்வியில் நோயாளியின் உடம்பிலோ வாழ்க்கையிலோ மாறும் ஒன்று இருக்கும். அதை எண்ண முடியும். நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கிறோமா? கட்டியைக் கரைக்கும் ஊசி முப்பது நிமிடத்துக்குள் ஏறுகிறதா? இதயச் செயலிழப்பு நோயாளிகளில் எத்தனை பேர் வீட்டில் தினமும் எடை பார்க்கிறார்கள்? எடை பார்க்கும் மெஷினே இல்லாத வீட்டில் எதை வைத்து நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்? வாதக் காய்ச்சலால் வால்வு கெடும் வாத இதய நோய் உள்ள பள்ளிப் பிள்ளைகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை எந்த மாதத்தில் நிறுத்துகிறார்கள்? பரீட்சை மாதமா, அறுவடை மாதமா? வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை பஸ் ஏறி வருகிறார்?

இந்தக் கேள்விகள் எல்லாம் சிறியவையாகத் தெரியலாம். பார்பரா ட்ரூ என்ற செவிலியர் எடுத்துக்கொண்டதும் அப்படி ஒரு கேள்விதான்: மானிட்டர் ஏன் இப்படிக் கத்திக்கொண்டே இருக்கிறது? சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐ.சி.யூ.க்களில் 31 நாட்கள், 461 நோயாளிகளின் அலாரங்கள் முழுவதையும் அவரது குழு சேமித்தது. 25 லட்சத்துக்கும் மேல் வந்தன. ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் சத்தமாக ஒலித்தவை மட்டும் 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று ஒலித்தவற்றில் அவர்கள் சரிபார்த்த 12,671 அலாரங்களில் 88.8 சதவீதம் பொய். 2014ல் அந்தக் கட்டுரை வெளியானது. அலாரச் சத்தத்துக்குக் காது மரத்துப்போவதைச் செவிலியரின் அலட்சியம் என்று பேசிவந்தவர்கள் கையில் அந்த எண்கள் போய்ச் சேர்ந்தன.

நம் ஊருக்கே உரிய கேள்விகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2023ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதலிலேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை கொடுத்த நேரம் ரெஃபரல் சீட்டில் தெளிவாக எழுதப்படுகிறதா, பெரிய மருத்துவமனையில் அதை யார் படிக்கிறார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எடுத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கேள்வி வேண்டாம்.

3. மாற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

தலைப்பு கிடைத்ததும் போஸ்டர் ஒட்டவும் வகுப்பு எடுக்கவும் கை பரபரக்கும். பொறுங்கள். இப்போது நிலைமை எப்படி இருக்கிறது என்பது எண்ணாக உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக வந்த 30 முதல் 50 மாரடைப்பு நோயாளிகளின் கேஸ் ஷீட்டை எடுத்து மூன்று நேரங்களை மட்டும் குறியுங்கள்: வாசலில் பதிவான நேரம், ஈ.சி.ஜி. நேரம், ஊசி ஏறிய நேரம். நான் முதன்முறை இப்படிக் கணக்கெடுத்தபோது, இரண்டு பேருக்கு அவர்கள் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே ஈ.சி.ஜி. எடுத்ததாக இருந்தது. ஈ.சி.ஜி. மெஷினின் கடிகாரம் பின்தங்கி ஓடியிருக்கிறது. பதிவு மேசையின் கம்ப்யூட்டர் ஒரு நேரம், சுவர்க் கடிகாரம் ஒரு நேரம், மெஷின் ஒரு நேரம். ஒரு மாத உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். ஆகவே எல்லாக் கடிகாரங்களையும் ஒரே செல்போன் நேரத்துக்குச் சரிசெய்யுங்கள். வாரம் ஒரு முறை, யார் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டி.

கணக்குப் போடும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு நாள் கழித்து வந்த ஒருவர் மொத்தச் சராசரியையும் இழுத்துவிடுவார். எல்லா எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள். அதுதான் இடைநிலை அளவு. நேரத்தைப் பற்றிய ஆய்வுகளில் அதையே முதலில் சொல்வார்கள்.

அடுத்து, நேரம் எங்கே கசிகிறது என்று கூடவே நடந்து பாருங்கள். ஊசி ஃபார்மஸியில் இருக்கிறது, எழுதி வாங்கிவர ஆள் இல்லை. ஒப்புதல் கையெழுத்துக்கு மகனைத் தேடுகிறார்கள், அவர் வண்டி நிறுத்தப் போயிருக்கிறார். ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, ஆனால் பார்க்க வேண்டிய டாக்டர் வேறு வார்டில். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஊசிப் பெட்டியை அவசரப் பிரிவிலேயே வைப்பது ஒன்றுக்குத் தீர்வு, ஈ.சி.ஜி.யைப் படமெடுத்து நோயாளியின் பெயரை மறைத்து, மருத்துவமனை அனுமதித்த வழியில் டியூட்டி டாக்டருக்கு அனுப்புவது இன்னொன்றுக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கில் எந்த ஷிப்ட், எந்த சிஸ்டர் என்பது வெளியே தெரியக்கூடாது. ஒருமுறை யாராவது மெமோ வாங்கிவிட்டால் அதன் பிறகு யாரும் உண்மையான நேரத்தை எழுத மாட்டார்கள். துறைத் தலைவரிடமும் நர்சிங் சூப்பரின்டென்டன்டிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பின்னால் பிரசுரிக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் நெறிமுறைக் குழுவிடம் முன்பே போங்கள்; முடிந்த பிறகு அனுமதி கேட்க முடியாது.

4. படிப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த இதய-மார்பு செவிலியப் பட்டயம் ஓராண்டு. எம்.எஸ்சி. இரண்டாண்டு, அதில் மருத்துவ-அறுவை செவிலியத்துக்குள் இதயப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பும் இரண்டாண்டு. வார்டிலேயே இருந்து படிப்பது. தலைமை தாங்கி ஆய்வு நடத்த வேண்டுமானால் ஒரு கட்டத்தில் பிஎச்.டி. தேவைப்படும். சேரும் முன் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சில் பட்டியலில் நீங்களே பாருங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கடைசியாக எப்போது வார்டுக்குள் போனார் என்று விசாரியுங்கள். பட்டத்தைவிட எனக்கு அது முக்கியம்.

5. ஆய்வுச் செவிலியராக வேலை பழகுவது

சொந்த ஆய்வுக்கு முன் மற்றவர்களின் ஆய்வில் ஓரிரு வருடம் இருந்தால் ஒழுங்கு படியும். பெரிய இதய மருத்துவமனைகளில் மருந்து ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளர்களை எடுப்பார்கள். 'நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை' என்னும் ஜி.சி.பி. பயிற்சி வேண்டும், இணையத்திலேயே முடிக்கலாம். 2019ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளையும் ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். மருந்து ஆய்வில் நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். அதை முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் ஆய்வை சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவதும் கட்டாயம். கட்டணம் கிடையாது.

இந்த வேலையின் உயிர்நாடி ஒப்புதல் வாங்குவது. தகவல் தாள் என்று நம் கையில் தருவது ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கிய தமிழாக இருக்கும். அதை அட்டெண்டராக வந்திருக்கும் ஒரு அத்தையிடம் வாசித்துக் காட்டுங்கள். எங்கே அவர் முகம் சுருங்குகிறதோ அங்கே மாற்றி எழுதுங்கள். மாற்றியதை நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றே பயன்படுத்துங்கள். 'குலுக்கல் முறையில் எந்தப் பிரிவு என்று முடிவாகும், டாக்டரும் நானும் தேர்ந்தெடுக்க முடியாது' என்று சொன்னால் புரிகிறது. ஒரு பாட்டி என்னிடம், "இதுல நான் கையெழுத்துப் போடலேன்னா மருந்த நிறுத்திருவீங்களாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்தும் வாய்விட்டுக் கேட்காதவர்கள் எத்தனை பேரோ. அன்றிலிருந்து நான் அந்தப் பதிலைத்தான் முதலில் சொல்கிறேன்: சேராவிட்டாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது, சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி இருக்க வேண்டும். நோயாளி தெளிவாக இருக்கும்போது மகன் போட்ட கையெழுத்து செல்லாது. வலியில் துடிக்கும்போது காகிதத்தை நீட்டாதீர்கள்.

6. சொற்கள்

செவிலியராக நாம் இந்தத் துறைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய கொடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதயச் செயலிழப்பு நோயாளிகள் தங்களைத் தாங்களே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அளக்க பார்பரா ரீகல், டைனி யார்ஸ்மா போன்ற செவிலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய கேள்வித்தாள்கள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. அவற்றைத் தமிழில் கேட்கும்போது 'மூச்சுத் திணறல் உண்டா' என்றால் பலர் இல்லை என்பார்கள். திணறல் என்றால் அவர்களுக்கு உயிர் போகும் நிலை. அதே நபரிடம் "நடந்தா மேல்மூச்சு வாங்குதா?", "ராத்திரி தலையணையை உசத்தி வச்சுக்கிறீங்களா?" என்று கேளுங்கள், தலையாட்டுவார். 'நெஞ்சுவலி' இல்லை என்பவருக்கு நெஞ்சு 'அடைக்கும்', 'கரிக்கும்', 'பாரமா இருக்கும்'. ஊருக்கு ஊர் சொல் மாறும்.

எனவே முறையாகச் செய்யுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்கட்டும். பிறகு ஏழெட்டு நோயாளிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் 'இதை நான் என்ன கேக்கிறேன்னு நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க?' என்று கேட்டு எழுதுங்கள். கேள்வித்தாளை உருவாக்கியவரிடம் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதை அளக்கும் ஒரு பிரபலமான கேள்வித்தாளை அனுமதியின்றிப் பயன்படுத்திப் பணம் கட்ட நேர்ந்தவர்களும், கட்டுரையைத் திரும்பப் பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

7. ஆட்களைச் சேர்ப்பது

புள்ளியியல் நிபுணரை ஆய்வு முடிந்த பிறகு தேடாதீர்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதைச் சொல்லவே அவர் தேவை. ஒரு இதய மருத்துவரை ஆரம்பத்திலேயே கூட்டாளியாக்குங்கள். "சார், நம்ம வார்டுல ஈ.சி.ஜி.க்கு இவ்வளவு நேரம் ஆகுது, கணக்கு இதோ" என்று ஒரு பக்கத் தாளோடு போனால் மறுக்க மாட்டார், 'ஆராய்ச்சி பண்ணணும் சார்' என்று வெறுங்கையோடு போனால் நேரமில்லை என்பார். கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கும். கடைசியில் மனம் கசப்பதைவிட அது மேல்.

8. முடிவு வரும்போது

2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து நடத்திய 'தமிழ்நாடு ஸ்டெமி' ஆய்வில், ஸ்டெமி என்னும் கடும் மாரடைப்பு வந்த 2,420 பேர் இருந்தார்கள். ஓராண்டில் இறந்தவர்களின் பங்கு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அமைப்பை மாற்றினாலே உயிர் பிழைக்கும் என்று நம் மண்ணிலேயே காட்டியது அது.

எல்லா ஆய்வும் அப்படி முடியாது. கேரளத்தில் 63 மருத்துவமனைகள், 21,374 நோயாளிகளோடு சரிபார்ப்புப் பட்டியல், மாதாந்தரக் கணக்கு, நோயாளிக் கல்வி எல்லாம் வைத்து நடந்த ஆய்வு 2018ல் வெளியானது. முப்பது நாளுக்குள் இறப்பு, மறு மாரடைப்பு போன்ற பாதிப்பு 6.4லிருந்து 5.3 சதவீதமாகத் தெரிந்தாலும், மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது உறுதியான வேறுபாடு நிற்கவில்லை. யார்ஸ்மா தலைமையில் நெதர்லாந்தில் 1,023 இதயச் செயலிழப்பு நோயாளிகளைச் செவிலியர்கள் தொடர்ந்து கவனித்த ஆய்விலும் இறப்பும் மறுஅனுமதியும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இரண்டையும் அவர்கள் மறைக்காமல் பெரிய இதழ்களில் எழுதினார்கள். உங்கள் ஆய்விலும் எதுவும் மாறவில்லை என்று வந்தால் அதையே எழுதுங்கள். எண்களைப் பிசைந்து மாற்றத்தை வரவழைத்தால், அதை நம்பி இன்னொரு வார்டு தன் நேரத்தையும் பணத்தையும் கொட்டும்.

எழுதும்போது சிகிச்சைத் தர மேம்பாட்டுக்கு 'ஸ்கொயர்', எதையும் மாற்றாமல் கவனித்துப் பதியும் ஆய்வுக்கு 'ஸ்ட்ரோப்' என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் மூன்றே நாளில் பிரசுரம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதிலே எழுத வேண்டாம்.

9. நீங்கள் போன பிறகு

வார்டு மாற்றம் வரும், ஊர் மாற்றம் வரும். நீங்கள் போனதும் ஊசிப் பெட்டி மறுபடி ஃபார்மஸிக்குப் போய்விடும், கடிகாரம் பின்தங்கும். அதனால் முதல் ஆண்டிலேயே இரண்டு இளைய சிஸ்டர்களைக் கணக்கெடுக்கப் பழக்குங்கள். கட்டுரையில் அவர்கள் பெயரும் வரட்டும். புதிதாக வருபவர்களின் அறிமுகப் பயிற்சியில் பத்து நிமிட ஈ.சி.ஜி. விதியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். மாதம் ஒருமுறை இடைநிலை நேரத்தைக் கரும்பலகையில் எழுதும் வேலையை டியூட்டி லிஸ்டிலேயே போடவையுங்கள். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் மருந்து ஸ்டாக்கையும் உபகரணப் பட்டியலையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவோம் இல்லையா, அந்தப் பட்டியலில் நேரப் பதிவேட்டையும் ஓர் உருப்படியாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.